துரைசாணிக்கு ஒரு கூறு

சந்தேகப்படுவதில் எங்கள் குடும்பத்தை அடித்துக்கொள்ளத் திருச்சுழி வட்டாரத்திலேயே ஆள் கிடையாது. பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார் என்போம். சிரிக்காவிட்டால் நிறையவே கலந்திருக்கிறார் என்போம். இதில் எங்கள் சின்னையாதான், அதாவது அய்யாவின் தம்பிதான், பெரிய கை. எனக்கு அப்போது ஒன்பது பத்து வயது இருக்கும். பொட்டப்பிள்ளைக்கு இந்த வயதில் இத்தனை சந்தேகமா என்று அம்மா என்னைத் திட்டுவாள். திட்டிவிட்டு, தராசைச் சரிபார்க்க என்னைத்தான் கடைக்கு அனுப்புவாள்.

அறுபதுகளின் கடைசியில், மழை அடியோடு பொய்த்துப்போன ஒரு வருடம், எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர்க் கிணறு தோண்ட அமெரிக்காவிலிருந்து ஒரு துரையும் அவர் மனைவியும் வந்தார்கள். மிஷன்காரர்கள். ஊருக்கு வெளியே கருவேல மரங்களுக்கு நடுவே கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார்கள். அவர்கள் பேச்சை எங்களுக்கும் எங்கள் பேச்சை அவர்களுக்கும் சொல்ல அருப்புக்கோட்டையிலிருந்து ஓர் உபதேசியார் சைக்கிளில் வந்துபோவார். பாறைக்கு வெடி வைக்கிற சத்தம் பகலெல்லாம் கேட்கும். எங்களுக்குத் தண்ணீர் வேண்டும்தான். ஆனால் ஒருத்தன் கடல் தாண்டி வந்து சும்மா தண்ணீர் கொடுப்பானா என்று ஊரே கேட்டது. ஊரே கேட்டது என்றால் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லவா வேண்டும்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் அவர்கள் ஒரு வான்கோழியைக் கொண்டுவந்து விட்டார்கள். கூடாரத்துக்கு நரி வருகிறது, உங்கள் மாட்டுக்கொட்டம் காலியாகத்தானே கிடக்கிறது, கொஞ்ச நாள் வைத்திருங்கள் என்று உபதேசியார் வந்து கேட்டார். தீவனம் இல்லாமல் மாடுகளை விற்றிருந்தோம். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல அய்யாவுக்கு வராது. சரி என்று தலையாட்டிவிட்டார்.

அதுவரை நாங்கள் யாரும் வான்கோழி பார்த்ததில்லை. சேவலுக்குப் பெரியப்பன் மாதிரி இருந்தது. தொங்குதாடி ஒரு நேரம் சிவப்பாக இருக்கும், கோபம் வந்தால் முகமெல்லாம் நீலமாகிவிடும். நேரத்துக்கு ஒரு நிறம் காட்டுகிற எதையும் நம்பக்கூடாது என்று சின்னையா முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார். தீனி வைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. கம்பும் குருணையும் துரைசாணியே கொண்டுவந்து கொடுப்பாள். சாயங்காலமானால் வந்து அதன் நெஞ்சைத் தடவிப் பார்ப்பாள், அதோடு ஏதோ பேசுவாள். ஊரில் பாதி வீட்டில் கூழுக்கே வழியில்லாதபோது ஒரு பறவை கம்பு தின்றது. கடைக்காரர் நல்ல விலைக்குக் கேட்டும் துரைசாணி கொடுக்கவில்லை.

“இது வளக்குற கோழி இல்ல. நேந்து விட்ட கோழி” என்றார் சின்னையா.

எங்களுக்குப் பொறி தட்டியது. எங்கள் பக்கம் சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயை யாரும் விற்க மாட்டார்கள், அடிக்க மாட்டார்கள். தன் வயிறு காய்ந்தாலும் அதற்குத் தீனி போட்டு, நாள் வந்ததும் வெட்டுவார்கள். எல்லாம் பொருந்தி வந்தது. நாள் மட்டும்தான் தெரியவில்லை. அதையும் சின்னையா உபதேசியாரிடம் கேட்டுவிட்டார்.

“வர்ற வியாழக்கெழம வெட்டணும்ங்கிறாக. அன்னைக்கு அவுக நாட்டுல பெரிய நாளு. கடவுளுக்கு நன்றி சொல்ற நாளு. சொந்தபந்தமெல்லாம் கூடி உக்காந்து வான்கோழி சாப்புடுவாக.”

“எதுக்கு நன்றி?”

“வெள்ளாம வெளஞ்சதுக்கு.”

சின்னையா எங்கள் புஞ்சைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெடித்துக் கிடந்தது. “இங்க என்னத்த வெளஞ்சுச்சாம்?”

உபதேசியார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விளையாத ஊரில் ஒருவன் நன்றி சொல்லப் பறவை வளர்க்கிறான் என்றால் அது கிடைத்ததற்கு இல்லை, இனிமேல் கிடைக்கப்போவதற்கு என்று சின்னையா கணக்குப் போட்டார். கிடைக்கப்போவது நாங்கள்தான். நேர்ந்துவிட்டதற்குத் தீனி போட்ட வீட்டுக்கும் அந்த நேர்த்தியில் பங்கு உண்டு. அதை வெட்டிய நிமிஷமே நாங்கள் அவர்கள் சாமிக்குச் சொந்தம். தீனி போட்டது நானல்லவா.

விஷயம் பங்காளிகள் காதுக்குப் போனது. அய்யாவின் பெரியப்பா மகன், நாங்கள் பெரியய்யா என்று கூப்பிடுகிறவர், எங்கள் குலசாமி கோயில் காரியங்களுக்கெல்லாம் தலைவர். வாசலில் நின்றபடியே சொன்னார். “அவுக சாமிக்கு அது வெட்டுப்பட்டுச்சுன்னா, மாசிக் களரிக்கு ஒன் வீட்டு வரி எங்களுக்கு வேண்டாம்.”

உட்காரக்கூட இல்லை, போய்விட்டார். மாசி மாதம் குலசாமிக்குக் களரி நடக்கும்போது பங்காளி வீடு ஒவ்வொன்றும் வரி கொடுக்கும். கொடுத்த வீட்டுக்குச் சாமி கிடாக்கறியில் ஒரு கூறு வரும். வரி வாங்காத வீடு என்றால் செத்தாலும் எட்டிப்பார்க்க ஆள் வராத வீடு என்று அர்த்தம். அக்காவுக்குப் பாலவனத்தத்தில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சும் அதோடு நின்றுபோகும். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அய்யாவுக்குச் சோறு இறங்கவில்லை. பறவையைத் திருப்பிக் கொடுக்கலாம். மனசு நொந்து துரை பாதிக் கிணற்றில் மூட்டை கட்டிவிட்டால், தண்ணீர் போனது இவனால்தான் என்று ஊர் காறித் துப்பும்.

கடைசியில் வழி கண்டுபிடித்ததும் சின்னையாதான். பறவையை வெட்டித்தர ஆள் வேண்டும் என்று துரை சொல்லி அனுப்பியிருந்தார். “நான் வெட்டுறேன். அவுக சாமிக்குத்தான நேந்துருக்காக. நம்ம சாமி பேரச் சொல்லி முன்னாடியே வாங்கிட்டா?” என்றார். பெரியய்யா ரொம்ப நேரம் தாடையைச் சொறிந்தார். “துலுக்குனா சரி” என்றார்.

எங்கள் வழக்கம் அது. வெட்டுவதற்குமுன் கிடாய்மேல் மஞ்சள்தண்ணி தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது. துலுக்காவிட்டால் கத்தியைத் தொடக்கூடாது.

வியாழக்கிழமை காலையில் பறவையைக் கூடாரத்துக்குக் கொண்டுபோனோம். துரை தரையில் குழி வெட்டி, தகர டின்னைப் பதித்து அடுப்புக் கட்டியிருந்தார். யாகக் குழி என்று சின்னையா என் காதில் சொன்னார். துரைசாணி வெள்ளைக் கவுன் போட்டு, பறவையை முழுசாக வைக்கிற மாதிரி ஒரு பெரிய தட்டோடு நின்றாள். பங்காளிகள் வேலி ஓரம் வேடிக்கை பார்ப்பதுபோல வந்து நின்றார்கள்.

சின்னையா பறவையை எங்கள் கோயில் இருக்கிற மேற்குத் திசை பார்த்து நிறுத்தி, செம்பை எடுத்து, குலசாமி பேரை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு தண்ணீர் தெளித்தார். துரை உபதேசியாரிடம் ஏதோ கேட்டார். உபதேசியாரும் ஏதோ சொன்னார். என்ன சொன்னாரோ, துரை உடனே தொப்பியைக் கழற்றிக் கண்ணை மூடிக்கொண்டார். துரைசாணியும் மூடிக்கொண்டாள். ஒரே பறவையை வைத்து ரெண்டு சாமியும் கும்பிடப்பட்டன.

பறவை அசையவில்லை. மறுபடி தெளித்தார். எங்களை ஒருமாதிரி சாய்த்துப் பார்த்தது, அவ்வளவுதான். நனைந்தால் தெருக்கோழிகூடச் சிலிர்க்கும். இந்தச் சனியன் ஏன் நிற்கிறது? அய்யாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். சின்னையா செம்பிலிருந்த மிச்சத் தண்ணீர் முழுவதையும் அதன் கழுத்தில் ஊற்றினார்.

வான்கோழி தாடி முதல் வால் வரைக்கும் ஒரு குலுக்குக் குலுக்கியது. துரைசாணியின் வெள்ளைக் கவுனெல்லாம் மஞ்சள்.

“துலுக்கிருச்சு” என்றார் பெரியய்யா.

அம்மாதான் முதலில் குலவை போட்டாள். எல்லாப் பொம்பளைகளும் சேர்ந்துகொண்டார்கள். திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்த துரைசாணி, இதுவும் நன்றி சொல்கிற முறை போலிருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, நாக்கை ஆட்டிக் குலவை போடப் பார்த்தாள். காற்றுத்தான் வந்தது.

சாமி ஏற்றுக்கொண்ட கறியை முழுசாக ஒருத்தர் தட்டில் வைக்க முடியாது. வீட்டுக்கு ஒரு கூறு என்று சரிசமமாகப் பிரிக்க வேண்டும். சின்னையா வெட்டி, துண்டு போட்டு, பனையோலைகளில் கூறு வைக்க ஆரம்பித்தார். துரைசாணி தட்டை நீட்டினாள். யாரும் கவனிக்காததால் மெதுவாகக் கீழே வைத்துவிட்டாள். பங்காளிகள் ஒவ்வொருவராக வந்து ஓலையை எடுத்தார்கள். அய்யாவின் கையில் பெரியய்யாவே எடுத்துக் கொடுத்தார். அய்யா அதை ரெண்டு கையாலும் வாங்கினார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது பெரியய்யா சொன்னார். “உசுரு குடுத்தவுகளுக்கு இல்லாத கூறா? வையிப்பா ஒண்ணு.”

துரைசாணியின் கையிலும் ஓர் ஓலை வந்தது. எல்லோருக்கும் விழுந்த அதே அளவுதான். இறக்கையில் ஒரு துண்டும் எலும்பும் தோலுமாக இன்னும் கொஞ்சமும். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கூறு வாங்கிட்டாகள்ல. மாசிக்கு இவுககிட்டயும் வரி கேட்டு ஆளு வரும்னு சொல்லிருங்க” என்றார் பெரியய்யா உபதேசியாரிடம்.

அதுவரை மழுப்பிக்கொண்டிருந்த உபதேசியார் இதை மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். எங்கள் வீட்டைக் காட்டினார், பங்காளிகளைக் காட்டினார், அப்புறம் அவர்கள் கூடாரத்தைக் காட்டினார். துரைசாணி அழ ஆரம்பித்தாள். ரெண்டு கையாலும் ஓலையை ஏந்தியிருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

“வரின்ன ஒடனே அழுகை வருது பாரு. நான் அன்னைக்கே சொன்னேன்” என்றார் சின்னையா.

முதல்முறையாகச் சின்னையா சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. கம்பு போட்டு வளர்த்த அவ்வளவு பெரிய பறவை போச்சு. கிடைத்தது நாலு எலும்பு. அதற்கு மேல் வரியும் கட்டு என்றால் யாருக்குத்தான் அழுகை வராது? வந்த நாளிலிருந்து நான் நம்பாத அந்த அம்மாள்மேல் எனக்குப் பரிதாபமாக இருந்தது. பாவம், எல்லோரும் சேர்ந்து இவளை ஏமாற்றிவிட்டோம் என்று சொல்ல அம்மாவின் பக்கம் திரும்பினேன். அம்மாவும் அவளைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். எங்கள் வரியைத்தான் வாங்கப்போகிறார்களே, அம்மா எதற்கு அழுகிறாள் என்று எனக்கு அடுத்த சந்தேகம் பிடித்துக்கொண்டது.