ஒன்பது பூட்டு வாக்கியம்

கடவுச்சொல் தட்டுவதற்கு முன், அலுவலகத்தில் எல்லாரும் 'பூட்டு சார்' என்று அழைக்கும் அந்த மனிதர் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். பிறகு இடது கையை விசைப்பலகைமேல் குடையாகக் கவிழ்த்துக்கொண்டு வலது கையால் தட்டுவார். திரையில் ஒரு புள்ளிகூட விழாது. அவர் பயன்படுத்தும் மென்பொருள் கருவியின் வழக்கம் அது. "அதுவே வாயைத் திறக்கறதில்ல, நீங்க ஏன் எட்டிப் பாக்கறீங்க?" என்பார், எட்டியே பார்க்காதவரிடம்.

மற்றவர்கள் மவுஸை உருட்ட, இவர் கறுப்புத் திரையில் கட்டளை எழுதியே காலம் தள்ளுகிறார். "ஜன்னல் வழியா நுழையறது யாரு பழக்கம்? நான் வாசல் வழியா வர்றவன்" என்று ஒரு நக்கல் வேறு. மென்பொருளுக்கு முத்திரை குத்தும் கணினிச் சாவிகளை ஜோடி ஜோடியாக உருவாக்கிக் காப்பது அவர் வேலை. கேட்டால் விளக்கம் ரத்தினச் சுருக்கம்: "ரெண்டுல ஒண்ணை ஊருக்கே தண்டோரா போட்டுக் கொடுக்கலாம். இன்னொண்ணைப் பெத்த தாய்க்கும் காட்டக்கூடாது."

மனிதரும் அந்த இரண்டாவது சாவி ஜாதிதான். தனக்குப் பதவி உயர்வு வந்ததைக்கூட வீட்டில் மூச்சு விடவில்லை. அடுத்த வீட்டம்மா சொல்லித் தெரிந்துகொண்ட மனைவி, கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாக அவரை ஒருமையில் ஒரு பிடி பிடித்துவிட்டார். அன்று சாவிக்குக் கடவுச்சொல் மாற்றவேண்டிய நாள். நல்ல கடவுச்சொல் என்பது நீளமான வாக்கியம் என்று ஊருக்கு உபதேசிப்பவர், மனைவி திட்டிய வாக்கியத்தையே சூட்டோடு சூடாக வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் வந்தது வினை. இவர் நிறுவனத்தின் மென்பொருள் ஓடும் மருத்துவமனைக் கணினிகளில் மருந்தின் அளவைத் தப்பாகக் காட்டும் பிழைக்குத் திருத்தம் தயார். ஆனால் இவர் சாவியின் முத்திரை விழாத திருத்தத்தை எந்த மருத்துவமனைக் கணினியும் ஏற்காது. பூட்டு சார் தட்டினார். கருவி தப்பு என்றது. நிதானமாகத் தட்டினார், தப்பு. பத்திரமாக வைத்திருந்த சாவியின் நகலுக்கும் அதே கடவுச்சொல்தான். மேலாளருக்கு வியர்த்தது. எந்த நோயாளிக்கு எந்த நேரத்தில் தப்பான அளவு போகுமோ!

எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு மனைவியை அலைபேசியில் அழைத்தார். அன்றைக்குத் திட்டியதை அப்படியே ஒருமுறை சொல்லச் சொன்னார். மறுபடியும் சண்டைக்கு இழுக்கிறார் என்று முதலில் அந்த அம்மாள் நழுவினார். கெஞ்சியபின் சொன்னார்: "உங்க வாயிலேருந்து ஒரு வார்த்தை வாங்க ஒன்பது பூட்டு திறக்கணும்."

"அதைத்தான் தட்டறேன். திறக்கலியே."

"ஏங்க," என்றார் மனைவி மெல்ல, "அன்னைக்கு நான் 'உங்க'ன்னு சொல்லலீங்க. 'உன்'னு சொன்னேன்."

கோபம் ஆறியதும் இருவர் நினைவும் சேர்ந்துகொண்டு மரியாதையை ஒட்டவைத்திருந்தது. 'உன்' என்று தட்டினார். சாவி திறந்தது. முத்திரை விழுந்து, திருத்தம் புறப்பட்டது. பூட்டு சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்னொருவர் காதில் விழுந்த கடவுச்சொல்லை உடனே மாற்றவேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். அங்கேயே மாற்றினார். "இப்ப என்ன வச்சீங்கன்னு கேட்டா சொல்லவா போறீங்க?" என்று சிரித்தார் மனைவி.

பூட்டு சார் அலைபேசியை உதட்டோடு ஒட்டிவைத்து, காது மடல் சிவக்க, புதுக் கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தார்.