வெங்காயம் உரிக்கிற ஸ்கூல்

புது ஸ்கூலுக்குப் போய் வந்த என்ட கூடப் பொறந்த ராத்தாட மகள்ற கையில ஒரே வெங்காய மணம். ராத்தா உடனே தாய்மார்ட வட்ஸ்அப் குறூப்ல வொய்ஸ் போட்டா: "என்னகா, உங்கட புள்ளைகளும் இப்பிடித்தான் மணக்குதா?"

எனக்குச் சிரிப்புத் தாங்கல. நான் முதலாம் ஆண்டு படிக்கக்குள்ள எங்கட உம்மாவும் இதே கேஸ்தான்.

அப்ப கல்முனையில புதுசாத் தொறந்த ஸ்கூல் ஒண்டுல என்னச் சேத்திருந்தாங்க. அங்க எண்ணுறது, அளக்குறது எல்லாம் கையால செஞ்சுதான் படிக்கணும். எழுதுற கொப்பி வெறுமை, நகத்துக்குள்ள வெங்காயத் தோல்.

"டீச்சர் அவட ஊட்டுச் சமையலுக்கு நம்மட புள்ளைகள வெச்சி உரிக்கிறா. இவன வேற ஸ்கூலுக்கு மாத்தப் போறன்"ண்டா உம்மா. நான் கத்தி அழுதன். ஏசாத டீச்சர விட்டுட்டு எவன் போவான்?

அடுத்த நாள் உம்மா சொல்லாமக் கொள்ளாம வகுப்புக்குள்ள வந்து நிண்டா. நாங்க உரிச்சி எண்ணின வெங்காயத்தச் சம்பலாக்கி, ரொட்டியோட தின்னத் தொடங்கி இருந்தம். டீச்சர் உம்மாக்கும் ஒரு துண்டு நீட்டினா.

உம்மா சந்தேகமாச் சப்பிப் பாத்துட்டு, "உப்புக் கரிக்குது"ண்டா.

"ஓம், அது உங்கட மகன் அளந்த உப்பு"ண்டா டீச்சர்.

உம்மா என்ன மொறச்சா. "அளக்கவே தெரியல. சரி, இன்னும் ஒரு மாசம் இங்கயே கிடக்கட்டும்."