அஞ்சலை பேரைச் சொல்லி வேண்டினேன்

2005 கோடையில் ஒரு வாய்ச் சோறுகூட எனக்கு நிம்மதியாக இறங்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. பக்கத்து உப்பளத்து அஞ்சலைதான் காரணம்.

மரக்காணத்தில் உப்பு வாரிச் சுமக்கும் பதினான்கு பெண்களுக்கு நான் மேஸ்திரி. அஞ்சலை என்னிடம் கூடை தூக்கியவள். அந்த வருடம்தான் அடுத்த அளத்துக்கு மேஸ்திரி ஆனாள். மாசி முடிவதற்குள் என் ஆட்கள் ஆறு பேர் அவளிடம் போய்விட்டார்கள். அங்கே அவர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டால் என் வயிறு எரியும். என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று நினைப்பேன். அந்த எரிச்சலை மிச்சமிருந்த எட்டுப் பேர் மேல் கொட்டினேன். தண்ணீர் குடிக்க நின்றால்கூட எல்லார் முன்னாலும் ஏசுவேன். மிரட்டினால்தான் வேலை நடக்கும் என்று நம்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பெருமுக்கல் மலைமேல் இருக்கும் ஈசன் கோயிலுக்கு ஏறினேன். அங்கே என்ன கேட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. "அஞ்சலை அளத்துல மழை கொட்டி உப்பெல்லாம் கரையணும் சாமி. அவ பேரு கெடணும்" என்று கேட்டேன்.

நாலாம் நாள் என் ஆள் செல்வி கூடையோடு சாய்ந்தாள். "எழுந்திருடி, நடிக்காத" என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. அஞ்சலை வரப்பில் ஓடிவந்தாள்.

"அக்கா, அவ முழுகாம இருக்கா. நாலு மாசம்."

எனக்குத் தெரியாது. தினமும் என் கண் முன்னால் சுமந்தவள், என்னை விட்டுவிட்டு அஞ்சலையிடம் சொல்லியிருக்கிறாள். செல்வி தரையில் கிடக்கும்போதும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். புடவையில் ரத்தம் பட்டிருந்தது. "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார் நர்ஸ். வாசல் படியில் உட்கார்ந்து அழுதேன். "ஈசனே, நான் கேட்டது எதுவும் வேணாம். அவளையும் புள்ளையையும் காப்பாத்து. அஞ்சலை நல்லா இருக்கட்டும். என் வாயை அடக்கு." அஞ்சலைக்காக நான் நல்லது கேட்டது அதுதான் முதல் முறை.

சாயங்காலம் டாக்டர் வந்தார். "குழந்தைக்குத் துடிப்பு நல்லா இருக்குது. இனிமே வெயிட் தூக்கக் கூடாது" என்றார். அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன்.

பக்கத்தில் நின்ற அஞ்சலையிடம் கேட்டேன். "இன்னாடி பண்றே நீ? எப்படி உங்கிட்ட எல்லாம் சொல்றாளுங்க?"

கொஞ்சம் தயங்கினாள். "புதுசா ஒண்ணும் இல்லக்கா. உங்ககிட்ட இருந்தப்ப எனக்கு எதெல்லாம் வலிச்சுதோ, அதை அவங்களுக்குப் பண்றதில்ல."

குத்திக் காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

மறுநாள் என் ஆட்களிடம் மன்னிப்புக் கேட்டேன். யாரும் நம்பவில்லை. செல்வி திரும்பி வந்தபோது உட்கார்ந்து மூட்டை தைக்கும் வேலையைக் கொடுத்தேன். தினமும் கூடையைத் தொடும் முன்னால், "இன்னிக்கு யாருக்கு முடியல?" என்று கேட்கப் பழகினேன். பல நாள் பதிலே வராது. மூன்றாவது வாரம் ஒருத்தி, "எனக்குக் கால்ல புண்ணுக்கா" என்றாள். வரம் கிடைத்த மாதிரி இருந்தது.

என் வாய் அதற்குப் பிறகும் பலமுறை தவறியது. தவறினால் அன்றே போய்ப் பேசிவிடுவேன். செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. 2006இல் வேலை தொடங்கியபோது, போன ஆறு பேரில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். நாலு பேர் இன்னும் அஞ்சலையிடம்தான். பொறாமை அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அது வரும்போதெல்லாம் அவள் பேரைச் சொல்லி நல்லது கேட்கிறேன்.

உங்களுக்குக் கீழே நாலு பேர் வேலை செய்கிறார்களா? யாரைக் கண்டால் உங்கள் வயிறு எரிகிறதோ, அவர் ஆட்களை எப்படி நடத்துகிறார் என்று அவரிடமே போய்க் கேளுங்கள். போக மனசு வரவில்லை என்றால், அந்த மனசை முதலில் ஈசனிடம் கேளுங்கள். எனக்கே கொடுத்தவர், உங்களுக்குக் கொடுக்காமல் விடமாட்டார்.