ஒரு நாடு நீங்கலாக

சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் ஆனா ஆவன்னா எழுதிக்கொண்டிருக்க, தகப்பன்மார் நாங்கள் வெளியே நடைவழியில் காத்திருப்போம். ஜேர்மனியில், டோட்முண்ட் மழைக்குள் எங்கே போய் நிற்பது? ஓடித் தப்ப வழியில்லாத சபையொன்று இப்படி வாய்த்தால் என்னைப் போன்றவனின் வாய் சும்மா கிடக்குமா? நான் அவர்களுக்குச் சர்வதேசியம் படிப்பித்தேன்.

கிழமை நாட்களில் உணவகமொன்றில் கோப்பை கழுவுவேன். சனிக்கிழமையானால் உலக வரலாறு முழுவதும் என் கையில். எல்லா நாட்டுத் தொழிலாளரும் சகோதரர்கள் என்று மாநாடு கூட்டியவர்கள், முதலாம் உலகப் போர் வந்ததும் அவரவர் நாட்டுத் துவக்கைத் தூக்கிக்கொண்டு போன கதையைச் சொல்வேன். பிறகு அரசுகள் கூடி உலக சபை கட்டியதையும், அது பல்லில்லாமல் படுத்ததையும், இன்னொன்று கட்டியதையும் விளக்குவேன். கடைசியில் பிரான்ஸ் எல்லைக்கு வந்து சேர்வேன். "பாருங்கோ, மறிக்க ஒரு பொலிசும் இல்லை. நாடு எண்டதே ஒரு மூடநம்பிக்கை. இன்னும் கொஞ்சக் காலத்திலை பாஸ்போட்டை மியூசியத்திலைதான் பாப்பியள்."

சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் லொறிக்கார அண்ணை ஒருவர் இருந்தார். என் பேச்சு முடிந்ததும் எப்போதும் ஒன்றைத்தான் கேட்பார்.

"எல்லாம் சரி தம்பி. நீர் எப்ப ஊருக்குப் போறீர்?"

நான் பெருமையோடு நீலப் புத்தகத்தை எடுப்பேன். அகதிகளுக்கு ஜேர்மன் அரசு கொடுக்கும் பயணப் பத்திரம் அது. இலங்கை நீங்கலாக எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்று அதில் அச்சடித்திருக்கும். "ஒண்டே ஒண்டைத் தவிர உலகம் முழுக்க என்ரை அண்ணை!"

"அந்த ஒண்டிலைதானே உம்மடை அம்மா இருக்கிறா" என்பார், கண் திறக்காமலே. மனுசனுக்குத் தத்துவம் ஏறாது என்று நான் விட்டுவிடுவேன்.

பிறகு ஊரில் சண்டை நின்றது. யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்தது. ஜேர்மன் குடியுரிமை எடுத்திருந்தவர்கள் எல்லாரும் பெட்டி கட்டினார்கள். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, கொழும்புக்குக்கூட வரமாட்டார். நாங்கள்தான் போகவேண்டும்.

"இஞ்சாருங்கோ, நாங்களும் குடியுரிமைக்கு அன்ராக் போடுவம்" என்றாள் மனைவி. "பாஸ்போட் வந்தால் பிள்ளையளோடை போய் மாமியைப் பாத்திட்டு வரலாம்."

"ஒரு தேசத்தை விட்டிட்டு வந்து, இன்னொரு தேசத்தின்ரை காலிலை விழுறதோ?"

"காலிலை ஒருத்தரும் விழச்சொல்லேல்லை. கந்தோரிலை தெர்மீன் எடுத்து, அவை சொன்ன நாளிலை போய்க் கையெழுத்து வைச்சால் காணும்."

நான் வைக்கவில்லை. என் ஒருவனின் கையெழுத்தில்தான் உலக ஒற்றுமை தொங்கிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு. அவள் தனக்கும் பிள்ளைகளுக்கும் விண்ணப்பம் எழுதிக்கொடுத்தாள். அடுத்த ஆண்டுக் கோடை விடுமுறையில், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டாள். ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் வந்து, நீ ஏன் வரவில்லை என்று கேட்டார். அந்தக் கிழவிக்கு நான் தேசியவாதத்தின் வீழ்ச்சியை விளக்கினேன், வெட்கமில்லாமல், வெகுநேரம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஓம் ராசா, சாப்பிட்டியோ?" என்றார்.

விடுமுறை முடிந்து தமிழ்ப் பள்ளி தொடங்கிவிட்டது. அவர்கள் இன்னும் திரும்பவில்லை. நான் பிள்ளைகள் இல்லாமலே அங்கே போய், நடைவழியில் நின்று, தேசங்களின் எதிர்காலம் பற்றிப் பேசினேன். லொறிக்கார அண்ணை முதல்தடவையாகக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "பிள்ளையள் ஊரிலை. நீர் இஞ்சை ஆரைக் கூட்டிக்கொண்டு போக வந்தனீர்?"

மனைவி ஒரு வீடியோவோடு வந்தாள். அம்மா முற்றத்தில் கதிரை போட்டு இருக்கிறார். என் சின்னவனின் கன்னத்தைத் தடவி, "அப்பனை உரிச்சு வைச்சிருக்கு" என்கிறார். பிறகு, "இது அவனும் பாப்பானோ?" என்று கேட்டு, அவசரமாகத் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு கமராவை நேரே பார்க்கிறார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதேன். அம்மாவைப் பார்க்கவேண்டும். அந்தக் கிழமையே ஓடிப்போய் அன்ராக் போட்டேன்.

அது இழுபட்டது. இந்தக் கடுதாசி காணாது, அந்தக் கடுதாசிக்கு இன்னொரு தெர்மீன். நகரசபைப் பெண்மணி கடைசியில் என் கையைப் பிடித்துக் குலுக்கி, நீங்கள் இப்போது ஜேர்மன்காரர் என்றபோது, ஊரில் மறுபடியும் சண்டை. யாழ்ப்பாணத்துப் பாதையை மூடிவிட்டார்கள்.

அன்று பின்னேரம் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். குடியுரிமை கிடைத்தும் வர ஏலாமல் இருக்கிறது என்றேன்.

"அதுக்கென்ன" என்றார். "நீ ஏன் வரேல்லை எண்டு அயலட்டையிலை எல்லாரும் கேட்டவை. நாடுகளையெல்லாம் ஒண்டாக்கிற வேலையிலை நிக்கிறான் எண்டு சொன்னனான். அது முடிஞ்சுதோ, ராசா?"

நக்கல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் கிடக்கு, அம்மா."

"அப்ப ஆறுதலா முடிச்சுப்போட்டு வா. நான் இருக்கிறன்."

பாதை திறக்கும்வரை அம்மா இருக்கவில்லை.