எல்லோரும் வந்த ஒரே முகவரி

நாரின் நகரத்தில் எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் கணினிகளை சைராகுல்தான் பார்த்துக்கொண்டாள். நான் அங்கே கணிதம் நடத்தினேன். அவள் யாரோடும் அதிகம் ஒட்டமாட்டாள். மதியம் மட்டும் இயற்பியல் ஆசிரியை பெகிமாயோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். சைராகுல் கணவனைப் பிரிந்து வந்தபோது, அவளையும் அவள் மகளையும் குளிர்காலம் முழுக்கத் தன் வீட்டில் வைத்துக்கொண்டவள் பெகிமாய்.

அந்த இலையுதிர்காலத்தில் மேலிடத்து உத்தரவின்படி மெயில் சர்வருக்கு முன்னால் இன்னொரு சர்வரை நிறுத்தினார்கள். யார் வந்தாலும் முதலில் அதனிடம் வந்து, அதன் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். அன்று பிடித்தது சனியன். பாஸ்வேர்டு சரியாகப் போட்டாலும் மெயில் திறக்காது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே திறக்கும், பிறகு மறுபடியும் மூடிக்கொள்ளும்.

சைராகுல் வேண்டுமென்றே பூட்டுகிறாள் என்று பேச்சு கிளம்பியது. பணியாளர் பிரிவுத் தலைவர் துராத்பெக் சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்னம்மா, இன்னைக்குக் கடையைத் தொறப்பியா, இல்ல லீவா?" அவள் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு ரொம்ப நாள் பிடித்தது. யாராவது பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தப்பாகப் போட்டால், அவர் வரும் இணைய முகவரியைச் சற்று நேரம் தடுத்துவைப்பது மெயில் சர்வரின் வழக்கம். இப்போது அதன் கண்ணுக்கு எல்லோருமே அந்த முன் சர்வரின் முகவரியிலிருந்துதான் வந்தார்கள். ஒருவர் தடுமாறினால் கல்லூரிக்கே கதவு சாத்தப்பட்டது. வருகிறவரின் சொந்த முகவரியையும் சேர்த்து அனுப்பும்படி முன் சர்வரை அவள் மாற்றினாள். அப்படியும் தீரவில்லை. அது சொல்வதை நம்பலாம் என்று மெயில் சர்வரிடமும் சொல்லவேண்டியிருந்தது. அதைச் செய்ததும் தொல்லை நின்றது.

துராத்பெக் அவள் அறைக்கே வந்தார். சரியாகிவிட்டதை முதல்வருக்குக் காட்டவேண்டுமாம். யார் யார் எங்கிருந்து மெயிலைத் திறக்கிறார்கள் என்று எடுத்துக் கொடுக்கச் சொன்னார்.

எடுத்துப் பார்த்தபோது அதில் பெகிமாயின் பெயரும், அதற்கு நேரே ஒரு ரஷ்ய முகவரியும் இருந்தன. தலைநகர் பிஷ்கேக்கில் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதாகச் சொல்லி விடுப்பு எடுத்தவள் பெகிமாய். உண்மையில் அவள் ரஷ்யாவில், யெகாதெரின்பர்கில் இருந்தாள். கட்டட வேலைக்குப் போன அவள் கணவன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டிருந்தான். பாடம் நடக்கும் காலத்தில் வெளிநாடு போக எங்கள் கல்லூரி விடாது. இதெல்லாம் சைராகுலுக்குத் தெரியும். மற்ற யாருக்கும் தெரியாது.

அவள் அப்படியே அச்செடுத்துக் கொடுத்தாள். "அவ பேரை மட்டும் எடுத்திருந்தா, மெயிலைப் பூட்டுனதும் நாந்தான்னு சொல்லிருப்பாங்க," என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

பொய் சொல்லி விடுப்பு எடுத்ததாக பெகிமாயை வேலையைவிட்டு நீக்கினார்கள். ஆய்வுக்கூடச் சாவியை ஒப்படைக்க அவள் வந்த அன்று நான் தாழ்வாரத்தில் இருந்தேன். சைராகுல் எதிரே வந்து நின்றாள். பெகிமாய் கத்தவில்லை.

"ஒரு போன் பண்ணிருக்கலாமே, சைரா. நானே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிருப்பேன். வேற எடத்துலயாவது சேத்துக்கிட்டிருப்பாங்க."

"பயமா இருந்துச்சு அக்கா."

"ஒன் பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தப்ப எனக்கும்தான் பயமா இருந்துச்சு. விட்டுட்டா போனேன்?"

சைராகுல் அவள் கையைப் பிடிக்கப் போனாள். பெகிமாய் சாவியை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, அலுவலகத்தைப் பார்த்து நடந்தாள்.

இப்போது பெகிமாய் யெகாதெரின்பர்கில் ஏதோ கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாளாம். அவள் கணவன் இன்னும் சரியாக எழுந்து நடக்கவில்லை. சைராகுலுக்கு நூருஸ் புத்தாண்டு விழாவில் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். கைதட்டியவர் துராத்பெக் மட்டும்தான். ஆசிரியர்கள் யாரும் கல்லூரி மெயிலை இப்போது வீட்டிலிருந்து திறப்பதில்லை. அவள் சாப்பாட்டு அறைக்குள் வந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் கதவைச் சாத்திக்கொண்டு சர்வர் இரைச்சலுக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

பெகிமாயிடம் பேசினாயா என்று போன வாரம் கேட்டேன்.

"நம்பரை மாத்திட்டாங்க," என்றாள். திரையின் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "மாத்தலைன்னாலும் என்னத்தப் பேசுறது?"