அன்ரி விட்டுப்போன சோடி

முன்வீட்டு அன்ரி லண்டனுக்குப் புறப்பட்ட அன்று காலை, எங்கள் கேற்றடியில் ஒரு நீலப் பிளாஸ்ரிக் பேசினைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே இரண்டு ஆமைகள்.

"அவரையும் அவவையும் உன்னட்டத்தான் விட்டிட்டுப் போறன் பிள்ளை. பிரிச்சுப்போடாதை. சோடி."

எனக்கு நாய் பூனையையே தொட்டுப் பழக்கமில்லை. அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை, வீடு, குசினி என்று ஓடுகிற எனக்கு இது எதற்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அன்ரியின் முகத்தைப் பார்த்ததும் வந்த சொல்லை விழுங்கிக்கொண்டேன். கணவர் காலமான பிறகு தனியாக இருந்தவர் அவர். இனித் தனியே இருக்க வேண்டாம் என்று மகன் கூப்பிட்டுவிட்டார். வீட்டையும் விற்றாயிற்று. அவர் கையில் மிச்சம் இருந்தது அந்தப் பேசின்தான்.

காதோரம் சிவப்புக் கோடு போட்டிருந்ததுதான் 'அவர்'. மீன்தொட்டி விற்கிற கடையில் அன்ரியின் கணவர் காசுக்கு வாங்கியது. கறுத்த ஓட்டோடு சிறியதாக இருந்தது 'அவ'. ஒரு மாரியில் முற்றத்துக்குள் வெள்ளம் ஏறியபோது தானாக வந்து சேர்ந்ததாம். அதைத் தூக்கிப் பேசினுக்குள் போட்டு, "பாருமப்பா, அவருக்கொரு பொம்பிளை கால்நடையா வந்திருக்கிறா" என்று கணவர் சிரித்தாராம். அன்றிலிருந்து இரண்டும் புருஷன் பெண்சாதி. சிவந்தது பின்னாலேயே துரத்துவதும் கறுத்தது செங்கல்லுக்குக் கீழே ஒளிவதுமாக இருந்ததைப் பார்த்து, "அவவுக்குச் சரியான வெக்கம்" என்பார் அன்ரி.

என் கணவர் சம்பூர்க்காரர். கடலோடு வளர்ந்து, இப்போது துறைமுகப் பக்கம் இறங்குதுறையில் வேலை. ஆமை என்றால் அவருக்கு வலையில் மாட்டி, விடுவித்துக் கடலுக்குள் விடுகிற ஆமைதான். பேசினை எட்டிப் பார்த்தவர், "பைப் தண்ணியிலயோ வைச்சிருக்கிறியள்? பாவங்கள்" என்றார். அடுத்த நாளே வேலை முடிந்து வரும்போது சைக்கிளில் ஒரு கான் நிறையக் கடல்தண்ணீர் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. மனுஷன் எனக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்கித் தந்ததில்லை. ஆமைகளுக்கென்றால் வியர்த்து வடிய வடியத் தூக்கி வந்தார்.

அப்படிச் சில நாள் போனது. சிவந்தது சாப்பாட்டை விட்டது. அன்ரி சொன்னபடி போட்ட சோறும் பாண் துண்டுகளும் ஊறி மிதந்தன. கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. கறுத்தது பேசின் சுவரில் ஏறி ஏறி விழுந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் காலைக் கவனித்தேன். விரல்கள் பிரிந்து, ஒவ்வொன்றிலும் நகம். அது என் கையைக் கீறிக்கொண்டு நடக்கப் பார்த்தது.

"இஞ்ச வாங்கோ. உங்கட கடலாமைக்குக் கால் எப்பிடி இருக்கும்?"

"துடுப்பு மாதிரி."

"இது துடுப்போ?"

அவர் குனிந்து பார்த்தார். நான் விடுவேனா? "ஆமை எண்டால் எல்லாம் கடலுக்குள்ளதானோ? மீன் எண்டு சொல்லி விரால் மீனையும் கொண்டுபோய்க் கடலுக்குள்ள விடுவியளோ?" என்று பிடித்துக்கொண்டேன். அவர் உப்புத்தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டுக் கிணற்றில் அள்ளி நிரப்பினார். பிறகு எனக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் கச்சேரிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, பேசினை ஓட்டோவில் ஏற்றி மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். இளம் பெண். இரண்டையும் மேசையில் வைத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யார் இதுகளை ஒண்டா விட்டது?" என்று கேட்டார்.

"சோடி" என்றேன்.

"சோடி இல்லை அக்கா. ரெண்டும் வேற வேற சாதி ஆமை."

சிவந்தது வெளிநாட்டுச் சாதி, எங்கோ தூரத்தில் ஆறுகளில் வாழ்வது, கடைக்காரர்கள் குட்டியாக விற்பது என்றார். கறுத்தது எங்கள் குளங்களிலும் வயல் வாய்க்கால்களிலும் திரிகிற சாதி. பிறகு கறுத்ததின் வால் பக்கத்தையும் கழுத்தையும் விரித்துக் காட்டினார். கடித்த காயங்கள். சில பழையவை, சில புதியவை.

அது வெட்கம் இல்லை, பயம். எத்தனையோ நாளாக அந்தச் சின்னப் பேசினுக்குள் அது ஓடி ஒளிந்திருக்கிறது. நாங்கள் பார்த்துச் சிரித்திருக்கிறோம். எனக்கு அந்த மேசையடியில் நிற்கவே கூச்சமாக இருந்தது.

கறுத்ததை வீட்டில் வைத்திருக்கச் சட்டம் இடம் தராது, வனசீவராசிகள் திணைக்கள ஆட்களிடம் கொடுத்தால் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டுக் குளத்தில் விடுவார்கள் என்றார் வைத்தியர். சிவந்ததை மட்டும் ஒருநாளும் குளத்திலோ ஆற்றிலோ விடக்கூடாதாம். விட்டால் எங்கள் ஆமைகளின் சாப்பாட்டையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். "அதைக் கடைசி வரைக்கும் நீங்கள்தான் வைச்சிருக்க வேணும்" என்றார். கண்ணுக்கு மருந்து தந்தார். சோறும் பாணும் கூடாது, கங்குன் கீரை இலையும் சின்ன மீனும் போடலாம். நீந்த ஆழமான நல்ல தண்ணீர் வேண்டும். எல்லாவற்றையும்விட, தண்ணீரைவிட்டு ஏறி ஓடு காயக் காய வெயிலில் கிடக்க ஓர் இடம் வேண்டும். "வெயில் இல்லாட்டி ஓடு இளகிப்போகும் அக்கா. தண்ணியை மட்டும் வைச்சால் காணாது."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அன்ரி பிரிக்க வேண்டாம் என்றாரே, அவருக்கு என்ன சொல்வது என்றுதான் எனக்குக் கவலை. பேசாமல் நடுவில் ஒரு பலகையை வைத்து இரண்டையும் வைத்திருந்தால் என்ன என்றுகூட யோசித்தேன். கணவர் கதிரையில் இருந்தபடி முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாயிரத்து ஆறில் சண்டை வந்தபோது சம்பூரை விட்டு உடுத்த உடுப்போடு வந்தவர் அவர். ஊருக்குத் திரும்பிப் போகலாமா ஏலாதா என்று எத்தனை வருஷம் காத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

"ஊருக்குப் போகக்கூடியதைப் போக விட வேணும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "போக ஏலாததுக்கு இஞ்ச ஒழுங்கான இடம் குடுக்க வேணும்" என்றார்.

கறுத்தது தம்பலகாமப் பக்கம் ஒரு குளத்துக்குப் போனது. சிவந்ததுக்குத்தான் வீடு. முற்றத்தில் மதிலோரம் என் கணவரின் பழைய பைபர் போட் கிடந்தது. அடி வெடித்து, இனிக் கடலுக்கு ஆகாது என்று ஆன பிறகும் விற்க மனமில்லாமல் வைத்திருந்தார். இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்று நான் வாய் ஓயாமல் சண்டை பிடித்த போட். அதன் வெடிப்பை அடைத்துக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பினார். பின்பக்கம் ஆழம். முன்பக்கத்து அணியம் மேலே சரிந்து ஏறுவதால் ஆமை ஏறிக் கிடக்க இயல்பாகவே ஒரு கரை அமைந்துவிட்டது. வழுக்காமலிருக்க அதில் கருங்கல்லை அடுக்கினார். ஒரு பக்கம் நிழலுக்குத் தென்னங்கிடுகு, காகத்துக்கும் நாய்க்கும் பயந்து மேலே பழைய வலை. போட்டில் ஏறிய தண்ணீரைத் திறந்துவிட அடியில் எப்போதும் ஒரு துளையும் தக்கையும் இருக்கும். தக்கையை இழுத்தால் அழுக்குத்தண்ணீர் தானாகப் போய்விடும். கறுத்துப்போன தண்ணீர் வாழையடிக்கு ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவரின் முகத்தில் இருந்த பெருமையை என்னவென்று சொல்ல. நான் அந்தப் போட்டைப் பற்றி அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

சிவந்தது கண்ணைத் திறக்கக் கொஞ்ச நாள் எடுத்தது. ஒருநாள் பின்னேரம் பார்த்தால், அணியத்துக் கல்லில் ஏறி, கழுத்தை நீட்டி, பின்கால் இரண்டையும் விசிறி போல விரித்துக்கொண்டு கிடக்கிறது. உயிர் போய்விட்டதோ என்று பதறிக் கிட்டப் போனேன். 'தொப்' என்று தண்ணீருக்குள் விழுந்து ஓடியது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

அன்ரி ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ கோல் எடுப்பார். எங்களுக்குப் பின்னேரம், அவருக்குக் காலை. எடுத்த உடனே "ரெண்டும் ஒண்டா இருக்குதுகளோ?" என்பார். "சுகமா இருக்குதுகள் அன்ரி" என்று நானும் சில வாரம் மழுப்பினேன். இனி ஏலாது என்று தோன்றிய ஒரு ஞாயிறு, போனை முற்றத்துப் போட் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

"அவ எங்க பிள்ளை?"

சொன்னேன். சோடி இல்லை என்பதை, கடித்த காயங்களை, குளத்தில் விட்டதை, எல்லாவற்றையும் சொன்னேன். அழப்போகிறார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பயந்துகொண்டோ இருந்தவ?" என்றார் பிறகு. "நான் வெக்கம் எண்டெல்லோ நினைச்சன்."

"எங்களுக்கும் தெரியாது அன்ரி."

"அவ போனது நல்லது. அப்ப இவர் தனியவோ?"

"ஓம் அன்ரி. தனிய இருக்கிறதுதான் அவருக்குச் சுகமாம். ஆனால் வெயில் வேணுமாம். தண்ணியும் சாப்பாடும் மட்டும் காணாதாம்."

அந்த நேரம் பார்த்து அது தண்ணீரிலிருந்து ஏறி வந்து கல்லில் படுத்தது. காலை விரித்தது. அன்ரி போனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார். திரை முழுக்க அவரின் கண்ணாடிதான் தெரிந்தது.

"மகன் நல்லாத்தான் பாக்கிறான். சாப்பாடு, மருந்து, எல்லாம் நேரத்துக்கு வருது. என்ர அறை யன்னல்தான் வடக்குப் பக்கம். வெயில் விழாது" என்றார். "போனை வைச்சிடாதை பிள்ளை. அவர் காயிறதை இன்னும் கொஞ்சம் பாக்கிறன்."

கை நோக நோக, வெயில் மதிலுக்கு மேலே ஏறிப் போகும் வரைக்கும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.