கறுப்புக் காரில் வெள்ளித் தூறல்

எஹலியகொடைக்கு மேலே இறப்பர் தோட்டம் ஒன்றில் ஐயாவு என்று ஒரு டிரைவர் இருந்தார். தோட்டத்தை நடத்தும் பெரிய துரையின் கறுப்புக் காரை ஒன்பது வருஷமாக ஓட்டியவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். குளித்துத் திருநீறு பூசாமல் கார்ச் சாவியைத் தொட மாட்டார்.

அவரிடம் துரைக்குத் தெரியாத பழக்கம் ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் காரைக் கழுவித் துடைத்ததும் மாரியம்மன் கோயில் வாசலுக்குக் கொண்டுபோவார். சூடம் காட்டி, முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு திரும்புவார். மலைப் பாதையில் ஓடுகிற வண்டிக்கு அம்மன் காவல் வேண்டாமா என்பது அவர் எண்ணம். துரையின் சட்டமோ வேறு. தன் வேலைக்கு அல்லாமல் கார் ஒரு அடிகூட நகரக் கூடாது. முன்பு இருந்த டிரைவர் தன் மாமனாரை ஒருநாள் ஏற்றிக்கொண்டு போனார். அந்தக் கிழமையே தோட்டத்து வேலைப் பதிவில் அவர் பேரை வெட்டிவிட்டார்கள். பேர் போனதும் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்து அறையும் போயிற்று. குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். ஐயாவுக்கும் ஒரு லயத்து அறைதான். அதில் மனைவி புஷ்பமும் மூன்று பிள்ளைகளும்.

அறுபத்தேழாம் வருஷம், ஆடி மாசம். கோயில் திருவிழாவுக்கு ஒரு கிழமை இருந்தது. துரை பக்கத்துத் தோட்டத்துத் துரையோடு அவர் காரில் கொழும்புக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி ரயிலில் வந்து இறங்குவார். கார் ஸ்டேஷனில் நிற்க வேண்டும். அதற்கு முழுப் பகல் இருக்கிறதே என்ற தைரியத்தில் அன்று ஐயாவு கோயிலுக்குள் கொஞ்சம் கூடுதலாகவே நின்றுவிட்டார்.

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தவருக்கு, அது தன் கார்தானா என்று முதலில் விளங்கவில்லை. கறுப்புக் கார் நரைத்துப் போயிருந்தது. கூரை, பொனட், கதவு, கண்ணாடி, எங்கே பார்த்தாலும் மணல் அள்ளி வீசினதுபோலப் பொடிப் பொடியாக வெள்ளிப் புள்ளி.

கோயில் கூரையின் பின்பக்கத்தில் தோட்டத்து ஆள் நாகலிங்கம் இருந்தான். திருவிழாவுக்காகத் தகரத்துக்கு வெள்ளிப் பெயின்ட் அடிக்கிற வேலை அவனுடையது. பிரஷ்ஷால் அடித்தால் மூன்று நாள் போகும் என்று, மரத்துக்கு மருந்து அடிக்கிற கைப்பம்பில் பெயின்ட்டைக் கரைத்து ஊற்றிப் பீச்சிக்கொண்டிருந்தான். பள்ளத்திலிருந்து ஏறிய காற்று அதை அப்படியே வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டது.

"ஐயையோ!" என்று ஐயாவு தன்னை மறந்து கத்திவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பொனட்டை அழுத்தித் தேய்த்தார். புள்ளி போகவில்லை. தேய்த்த இடத்தில் மயிரிழை போலக் கீறல்தான் விழுந்தது. கையைச் சுட்டதுபோல எடுத்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு நாகலிங்கம் குதித்து வந்தான்.

"அண்ணே! சாமி சத்தியமா நான் பாக்கலங்கண்ணே!"

"நீ எங்கடா பாப்ப? நானே பாக்கலியே. கண்ண மூடிக்கிட்டுல்ல நின்னேன்."

"பெயின்ட் கரைக்கிற தின்னர் இருக்குண்ணே. ஒரே தடவையில தொடச்சிப்புடலாம்."

"இருடா, இருடா. மேல வைக்காத."

ஐயாவு கதவைத் திறந்தார். கதவு மூடினால் வெளியே தெரியாத கீழ் விளிம்பில், துணியில் ஒரு சொட்டுத் தின்னர் தொட்டு ஒற்றிப் பார்த்தார். வெள்ளிப் புள்ளி வந்தது. அதோடு கறுப்பும் வந்தது. கார்க் கம்பெனி அடித்த பெயின்ட்டே துணியில் ஒட்டியிருந்தது. அவர் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரத்தில் நாகலிங்கத்தின் மனைவி சின்னம்மா, புருஷனுக்குக் குடிக்கத் தேயிலைச் சாயத்தண்ணி கொண்டுவந்தாள். தோட்டத்து இறப்பர் ஆலையான ஸ்டோரில் அவளுக்கு வேலை. காரை ஒருமுறை சுற்றி வந்தாள்.

"நல்லா இருக்கு. ரெண்டு பேரும் சேந்து தொரை காருக்கு ஜரிகைப் பட்டு கட்டி வுட்டுட்டீங்க."

"வாய மூடுடி. அண்ணனப் பாரு, செத்த பொணம் மாதிரி இருக்காரு."

சின்னம்மா விரலால் ஒரு புள்ளியை மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள். "அண்ணே, இது உள்ள எறங்கல. பறந்து வரயிலயே பாதி காஞ்சிருச்சு. மேலதான் குந்தியிருக்கு."

"அதுக்கு என்னா தங்கச்சி செய்ய?"

"எங்க ஸ்டோர்ல நான் என்னா வேல பாக்குறேன்? வெள்ளை கிரேப் இறப்பர் சீட்டு மேல ஒரு தூசி வுழுந்தா புடிச்சிக்கும், வுடவே வுடாது. கத்தரிக்கோல வச்சிக்கிட்டு நாள் பூராவும் அந்தத் தூசியத்தான் வெட்டி எடுக்குறேன். அந்த மூதேவி இதையும் புடிச்சிக்காதா?"

அப்படி வெட்டிப்போட்ட, ஒட்டுகிற இறப்பர்க் கழிவுத் துண்டுகளை அவள் ஒரு பையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடினாள்.

காரை ஓடைப் பக்கம் பலாமர நிழலுக்குத் தள்ளினார்கள். சூடான தகரத்தில் கை வைத்தால் புள்ளி இன்னும் இறுகிவிடும் என்று ஐயாவு பொனட் குளிரும்வரை காத்திருந்தார். அந்தக் கால் மணி நேரம் அவருக்கு ஒரு யுகம். பிறகு முதலில் தண்ணீர், வாளி வாளியாக. தூசி மண் ஒன்று இருந்தாலும் அதுவே கீறும். அடுத்து சவர்க்காரம் நுரை வரக் கரைத்த தண்ணீரை ஊற்றி, கிரேப் துண்டைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பந்துபோலப் பிசைந்து, வழுக்குகிற ஈரத்தின்மேல் வைத்து, அழுத்தாமல், ஒரே நேராக இழுத்தார். முதலில் அது சரசரவென்றது. நாலு தடவை போனதும் சத்தம் அடங்கியது. திருப்பிப் பார்த்தார். இறப்பரில் வெள்ளி பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. பொனட்டில் உள்ளங்கை அளவு கறுப்பு தெரிந்தது.

"தாயே" என்றார்.

ஆனால் உள்ளங்கை அளவு ஓர் இடம் முடியவே ஒரு நிமிஷம் பிடித்தது. கார் எவ்வளவு பெரிது! நாகலிங்கம் தண்ணீர் சுமந்தான். ஈரம் காய விடக் கூடாது. அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துப் புதுப் பக்கம் எடுக்க வேண்டும். துண்டு கீழே விழுந்தால் மண் ஒட்டும், அப்புறம் அதைத் தொடக் கூடாது. ரோட்டில் லொறிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஐயாவு கையை நிறுத்திவிடுவார். துரை முந்திய ரயிலில் வந்துவிட்டாரோ? பங்களாவில் யாராவது பார்த்துவிட்டார்களோ? சாப்பாட்டு நேரத்தில் சின்னம்மா இன்னும் ஒரு பை துண்டு கொண்டுவந்தாள். அப்போது பாதிக் கார்கூட முடிந்திருக்கவில்லை.

கண்ணாடிக்கு இறப்பர் வேண்டியிருக்கவில்லை. சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி, புது சவர பிளேடைப் படுக்க வைத்து ஒரே பக்கமாகத் தள்ளினார். புள்ளிகள் சுருண்டு வந்தன. இறங்க மறுத்த சில பெரிய பொட்டுகளில் தேங்காயெண்ணெய் தொட்டு ஊறவிட்டு எடுத்தார். மூன்றரைக்கு மெழுகு பூசித் துடைத்தார். நாலரைக்கு ஸ்டேஷனில் நின்றார். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது.

துரை வந்து ஏறினார். கார் ஊரைத் தாண்டியது. மழை பிடித்தது. ஐயாவு வைப்பரைப் போட்டார். அதன் கையில் வரிசையாக ஏழெட்டு வெள்ளிப் புள்ளிகள், கண்ணுக்கு முன்னால் அங்கும் இங்கும் ஆடின. அதை மட்டும் அவர் பார்க்கத் தவறிவிட்டார்.

"டிரைவர். அது என்னா?"

பறவை எச்சம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கில் வந்தும் விட்டது. ஆனால் அம்மன் வாசலில் நடந்ததற்குப் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. காரை ஓரமாக நிறுத்தினார்.

"பெயின்ட்டுங்க தொரை. கோயில் கூரைக்கு அடிச்சது, காத்துல காரு மேல வுழுந்துருச்சிங்க."

"கோயில்ல? என் கார்?"

"ஆமாங்க தொரை. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம கொண்டுபோவேங்க. ஒம்பது வருசமா."

துரை குடையை விரித்து இறங்கினார். காரைச் சுற்றினார். கதவைத் தடவினார், கண்ணாடியைத் தட்டினார். பொனட்டின் முன்னால் குனிந்தார்.

"இந்தக் கீறல்?"

"நாந்தாங்க. பயத்துல காஞ்ச துண்டால தேச்சிட்டேங்க."

"பெயின்ட் அடிச்ச ஆள் யாரு?"

"காரக் கொண்டுபோனது நாந்தாங்க தொரை" என்றார் ஐயாவு. மழை சட்டைக்குள் இறங்கியது.

துரை ஏறிக் கதவைச் சாத்தினார். கார் மறுபடி மலை ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் ஐயாவு மனசுக்குள் தன் அறையைக் காலி செய்துகொண்டே வந்தார். பானை, பெட்டி, பிள்ளைகளின் பாய்.

பங்களா போர்ட்டிகோவில் துரை கையை நீட்டினார். "சாவி."

ஐயாவு கொடுத்தார்.

"இனி பொழுது பட்டா சாவி என்கிட்ட. காலையில வந்து கேட்டு வாங்கு. கோயிலுக்கு நடந்து போ."

"சரிங்க தொரை."

"நாளைக்குக் காலையில ஆறு மணி. இரத்தினபுரி போகணும்."

ஐயாவு தலையாட்டினார். லயத்துக்கு நடந்து வந்தபோது புஷ்பம் வாசலிலேயே நின்றாள். சேதி அவளுக்கு எட்டியிருந்தது.

"என்னாங்க சொன்னாரு?"

"நாளைக்கு ஆறு மணிக்கு வேலைன்னாரு" என்று சொல்லிவிட்டு, ஈரச் சட்டையோடு நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்தார்.